ரெமிங்டன் 700-க்கு வீட்டிலேயே எபாக்சி பெட்டிங்

மரக் கட்டை போட்ட ரெமிங்டன் 700 ரைஃபிளின் குறி சிதறினால், பீப்பாயை மாற்றுமுன் இதைப் பாருங்கள். டயல் கேஜை முன்கட்டையில் பொருத்தி, அதன் முள்ளைப் பீப்பாயில் தொடவைத்து, உலோகப் பகுதியைக் கட்டையோடு இணைக்கும் முன் திருகைத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.-க்கு மேல் நகர்ந்தால், திருகு போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது. பெட்டிங் தேவை, அதாவது அது உட்காரும் இடத்தை எபாக்சியால் வார்த்து நிரப்பவேண்டும்.

சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு போல்ட், ட்ரிகர், மேகசின் பெட்டியைக் கழற்றுங்கள். ரிகாயில் லக் (பீப்பாய் சேருமிடத்தில் கீழ்நோக்கி நிற்கும் தகடு) உட்காரும் குழியிலும் அதன் பின்னுள்ள பரப்பிலும் பின் திருகைச் சுற்றியும் 2 முதல் 3 மி.மீ. மரத்தைச் செதுக்குங்கள். மேல் விளிம்பைத் தொடவேண்டாம். முன்கட்டைக்கு நேராகப் பீப்பாயில் டேப் சுற்றினால் உயரமும் நடுவும் சரியாக நிற்கும்.

லக்கின் முன்பக்கம், இரு ஓரங்கள், அடிப்பக்கம் ஆகியவற்றில் டேப் ஒட்டுங்கள். பின்பக்கத்தில் மட்டும் வேண்டாம். சுடும்போது உதை முழுவதையும் தாங்குவது அந்தப் பின்முகம்தான். மற்ற பக்கங்களில் இடைவெளி இல்லாவிட்டால் லக் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காராது.

இந்த வேலையில் பெரிய ஆபத்து, எபாக்சி துளைக்குள் புகுந்து இறுகுவதுதான். அப்புறம் கட்டையை உடைத்துத்தான் ஆக்‌ஷனை எடுக்கவேண்டியிருக்கும். ட்ரிகர் பின் துளை, போல்ட் ஸ்டாப் பிளவு, மேகசின் வாய் எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்துச் சமமாக வழித்துவிடுங்கள். எபாக்சி ஒட்டாமலிருக்க ஆக்‌ஷன் முழுக்க மெழுகு ஷூ பாலிஷ் மூன்று பூச்சு, திருகு மரைக்கும் சேர்த்து. இதில் கஞ்சத்தனமே கூடாது.

மரைன்-டெக்ஸ் அல்லது டெவ்கான் ஸ்டீல் புட்டியை டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, முதலில் லக் குழியின் மூலைகளில் அழுத்துங்கள். காற்றுக்குமிழ் அங்கேதான் தங்கும். ஆக்‌ஷனை மெதுவாக இறக்கி ரப்பர் குழாயால் சுற்றிக் கட்டுங்கள். திருகை முடுக்கினால் பழைய வளைவே எபாக்சியிலும் பதிந்துவிடும். பிதுங்கியதை வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

24 மணி நேரம் கழித்து, பீப்பாயின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டி நேர் மேலாக எடுங்கள். ஆட்டி எடுத்தால் லக் குழியின் விளிம்பு பெயரும். வரவில்லையென்றால் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். இரும்பு சுருங்கிப் பிடி விடும்.

திருகுத் துளைகளை 8 மி.மீ.-க்குப் பெரிதாக்குங்கள்; 6.35 மி.மீ. திருகு சுவரில் உரசக்கூடாது. அலுமினியப் பில்லர் (திருகைச் சுற்றிக் கட்டையில் பதித்த குழாய்) இருந்தால் திருகை 65 இஞ்ச்-பவுண்டு இறுக்குங்கள், வெறும் மரமென்றால் சுமார் 40. மறுபடி டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சிறு குமிழ்கள் பரவாயில்லை. லக்கின் பின்முகம் அமரும் இடத்தில் பள்ளம் இருந்தால் மட்டும் அதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, லக்குக்கு மறுபடி மெழுகு பூசி, பள்ளத்தில் எபாக்சி இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள்.