மாக்கல்லில் அகல்விளக்கு செதுக்குவது எப்படி?

சேலத்துக் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான் இதற்கும். நகத்தால் கீறினாலே வெள்ளைத் தடம் விழும். தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். ஏற்காடு மலைப்பாதையில் கிடக்கும் கல்லை எடுத்துவந்து உட்காராதீர்கள். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறை, உளிதான் மழுங்கும். சேலத்தை ஒட்டி வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல் மேக்னசைட்; அதுவும் மாக்கல்லைவிடக் கடினம், சில்லுச் சில்லாகப் பெயரும்.

8 செ.மீ. சதுரம், 4 செ.மீ. தடிமனுள்ள துண்டு போதும். முதலில் தண்ணீரில் நனைத்து வெயிலில் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஈரக்கோடு ஒன்று கருப்பாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. எவ்வளவு அழகான கல்லானாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

வேலையில் இறங்குமுன் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. சில மாக்கற்களில் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமங்கள் கலந்திருக்கும். அதனால் கல் அறுக்கும் மின்சார கிரைண்டர் வேண்டாம். கல்லை நனைத்துக்கொண்டே அறுங்கள், தேயுங்கள், N95 முகக்கவசம் போடுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மடித்த ஈரச் சாக்கின் மேல் கல்லை வையுங்கள். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியில்) இறுக்கினால் விளிம்பு நொறுங்கும். மேலே பென்சிலால் 7 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதற்குள் விளிம்புக்கு 8 மி.மீ. விட்டு இன்னொரு வட்டம். திரி வைக்கும் மூக்கை ஒரு மூலையை நோக்கி வரையுங்கள், அங்கேதான் கல் மிச்சமிருக்கும்.

பலரும் வெளிப்பக்கத்தை அழகாக உருட்டி முடித்துவிட்டுக் குழிக்கு வருவார்கள். அப்போதுதான் விளக்கு இரண்டாகப் பிளக்கும். குழியை முதலில் தோண்டுங்கள். சுற்றிலும் கனமான கல் இருக்கும்வரை அது உளியின் அழுத்தத்தைத் தாங்கும். அரை அங்குல உளியைச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய சீவலாகச் சுரண்டுங்கள். சுத்தியல் அநேகமாகத் தேவைப்படாது. உளியை ஊன்றி நெம்பினால் அடி பெயர்ந்துவிடும். ஆழம் 2 செ.மீ. ஆனதும் நிறுத்துங்கள்; அடியில் மீதி 2 செ.மீ. இருந்தால்தான் பின்னால் அதைச் சற்று குறைத்து வளைவு கொடுக்க முடியும்.

பிறகு ஹேக்ஸா பிளேடால் மற்ற மூன்று மூலைகளை அறுத்து, அரத்தால் உருட்டுங்கள். மூக்கின் பள்ளத்தை வட்ட அரத்தால் கடைசியில் போடுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான், ஆகவே பள்ளத்தின் இருபுறமும் கல்லின் தடிமன் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

உப்புத்தாள் 120, 220, 400, 800 என்ற வரிசையில், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு காயவைத்துப் பாருங்கள், ஈரம் கீறலை மறைக்கும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் அப்போது தெரியாது. எண்ணெய் பட்டுக் கல் கறுத்ததும் கோடுகள் வெள்ளையாக எழுந்து நிற்கும், மறுபடி 220-லிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நிழலில் மூன்று நாள் உலர்த்தி, விளக்கெண்ணெயை மெல்லிசாகப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் சாம்பல் நிறம் கரும்பச்சைக்கோ கறுப்புக்கோ திரும்பும். யானை, பிள்ளையார் போன்ற அலங்காரப் பொருளானால் தேன்மெழுகு பூசலாம். விளக்குக்கு மெழுகு கூடாது, சூட்டில் உருகி எண்ணெயோடு கலந்துவிடும். கல் பளபளவென்று தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். ஏற்ற ஏற்ற, உள்ளே ஊறும் எண்ணெயே அதை மெருகேற்றும்.