வானிலிருந்து குதிப்பதில் மனம் ஒன்றவும், வீட்டாரையும் அதில் சேர்த்துக்கொள்ளவும்

முதல் குதிப்பிலேயே ஸ்கைடைவிங் பிடித்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். துபாயில் பாம் ஜுமைரா என்ற செயற்கைத் தீவுக்கு மேலே 13,000 அடி உயரத்தில் நான் முதன்முறை குதித்தபோது, கதவு திறந்ததும் எழுந்த இரைச்சலைத் தவிர வேறெதுவும் நினைவில் தங்கவில்லை. கடலின் நிறத்தைக் கண்ணாரப் பார்த்தது இரண்டாம் முறைதான். ஆகவே, இயன்றால் இரண்டு குதிப்புகளுக்காகவாவது பணம் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

பயம் தணிய, நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்துகொள்வதைப் போல் உதவுவது வேறில்லை. பயிற்றுநரோடு சேர்ந்து குதிக்கும் டாண்டம் முறையில், உங்கள் உடலில் பூட்டும் பட்டைகளான ஹார்னஸ், தோள்களில் இரண்டும் இடுப்பில் இரண்டுமாக நான்கு கொக்கிகளால் அவரோடு பிணைக்கப்படும். அவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கும்போது நீங்களும் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். குதித்ததும் விரியும் சிறு பாராசூட் ஒன்று, இருவரின் எடையால் கூடும் வேகத்தை மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தும். பெரிய பாராசூட் சுமார் 5,000 அடியில் விரியும். அது பழுதானால் அவசரத்துக்கென இன்னொரு பெரிய பாராசூட் உண்டு. தரையை நெருங்கியும் வேகம் குறையாவிட்டால் அதைத் தானாகவே திறந்துவிடும் கருவியும் பையில் இருக்கும்.

ராட்டினம் இறங்கும்போது வயிற்றைப் புரட்டுமே, அந்த உணர்வு இங்கே அநேகமாக இராது. விமானம் ஏற்கெனவே வேகமாக முன்னே செல்வதால், நம் உடல் அந்த வேகத்திலிருந்து சிறிது சிறிதாகவே கீழ்நோக்கித் திரும்புகிறது. இடுப்பை முன்தள்ளி, தலையைப் பின்சாய்த்து, உடலை வில்லாக வளையுங்கள். மூச்சு முட்டுவதுபோல் தோன்றினால் வாய்விட்டுக் கத்துங்கள், மூச்சு தானே சீராகும். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் உண்ண வேண்டாம். இரண்டு இட்லி போதும். பாராசூட்டில் சுழலும்போது குமட்டினால் பயிற்றுநரிடம் உடனே சொல்லுங்கள், அவர் நிதானமாக இறக்குவார். தரையைத் தொடும் நேரத்தில் கால்களை நன்றாக உயர்த்திப் பிடிப்பது உங்கள் பொறுப்பு.

வீட்டாரிடம் இதைக் கொண்டுசெல்லும்போது வற்புறுத்தல் மட்டும் கூடாது. ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு காணொளியைக் காட்டுவதும் தவறு. அது பெற்றோரின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். ஆயுள் காப்பீடு இத்தகைய சாகசங்களை உள்ளடக்குகிறதா என்பதை முதலில் விசாரித்து, மனைவியிடமோ கணவரிடமோ வெளிப்படையாகப் பேசுங்கள். பிறகு ஒருநாள் எல்லோரையும் இறங்குதளத்துக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துச் செல்லுங்கள். அனுமதி கிடைத்தால், பாராசூட் மடிக்கும் இடத்தைக் கட்டாயம் காட்டுங்கள்: விரிப்பில் மண்டியிட்டு ஒருவர் நைலான் துணியை மடிப்பு மடிப்பாகத் தட்டி, காற்றை வெளியேற்றிப் பைக்குள் அடக்குவதை என் தங்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எவ்வளவு விளக்கியும் வராத தைரியம் அவளுக்கு அங்கேதான் வந்தது.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைப் பல தளங்களில் ஏற்றமாட்டார்கள். அவர்களுக்கு, கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கவைக்கும் செங்குத்துக் காற்றுக்குழாய் அரங்கு பொருத்தமான தொடக்கம். குதிக்கச் சம்மதித்தவர் கடைசி நொடியில் மறுத்தாலும் அதை அப்படியே ஏற்று, அதன்பின் ஒருபோதும் கேலி பேசாதீர்கள்.

கீழே காத்திருப்பவர்களை மறந்துவிட வேண்டாம். விழும் அந்த ஒரு நிமிடத்தில் தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது; அதுதான் அவர்களுக்குக் கொடுமையான நேரம். விமானம் ஏறும் முன்பே பாராசூட்டின் நிறத்தைக் கேட்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள். என் அம்மா நெற்றியில் கைவைத்து, மஞ்சளும் நீலமும் கலந்த துணியைத் தேடிக்கொண்டிருந்தவர், அது விரிந்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பெண்மணியின் கையைப் பிடித்து, “அதோ, எங்க பையன்” என்று காட்டினாராம்.