கடலை என்றால் எந்தக் கடலை? ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு விருந்து செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்தநாளுக்குப் பத்துப் பிள்ளைகளை அழைத்தால், அதில் ஒரு பிள்ளையின் அம்மா தனியாகப் போன் செய்வார். "அக்கா, அவனுக்குக் கடலை ஒத்துக்காது, கொஞ்சம் பார்த்துக்கோங்க." நாமும் "சரிம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. எந்தக் கடலை என்று நாம் கேட்கவில்லை.

நம் ஊரில் கடலை என்பது ஒரே பொருள் இல்லை. வேர்க்கடலை, நிலக்கடலை, வட மாவட்டங்களில் மல்லாட்டை, இலங்கையில் கச்சான் என்பதெல்லாம் ஒன்று. கொண்டைக்கடலையும் கடலைப்பருப்பும் பொட்டுக்கடலையும் வேறு. இந்தக் குழப்பம் சமையலறை வரை வருகிறது. பஜ்ஜிக்குப் போடும் கடலை மாவு கடலைப்பருப்பில் அரைத்தது. கடலை எண்ணெயோ வேர்க்கடலையில் ஆட்டியது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடலை மாவு பஜ்ஜியை மறுத்துவிட்டு, கடலை எண்ணெயில் பொரித்த முறுக்கைக் கொடுப்பவர்கள் உண்டு. கொண்டைக்கடலைக்கே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொட்டுக்கடலைச் சட்னி, பஜ்ஜி, மைசூர்பாகு எல்லாமே ஆகாது. எனவே பெயரைக் கேட்டால் போதாது. "வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா? எதைச் சாப்பிட்டு என்ன ஆச்சு?" என்று முழுதாகக் கேளுங்கள். அந்த அம்மா தொந்தரவாக நினைக்க மாட்டார். கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர் அவர்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. என் தங்கை மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு வீட்டில் கடலை மிட்டாய் இல்லை, மிக்சர் இல்லை, எல்லாவற்றையும் கவனமாக விலக்கினேன். ஆனால் முந்தின நாள் மாலை மசாலாக் கடலை பொரித்த எண்ணெய் மிச்சம் இருந்தது. வடிகட்டி வைத்திருந்தேன், பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தது. அதிலேயே முறுக்கு சுட்டேன். இரண்டு முறுக்கு சாப்பிட்டதும் அவன் உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது. தங்கை மருந்தோடுதான் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், சரியானது. ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையில் உள்ள புரதம். சூடான எண்ணெய் அதை அழிக்காது, வடிகட்டி பிடிக்காது. வறுத்த வேர்க்கடலை பச்சையானதைவிட அதிக வீரியத்தோடு ஒவ்வாமையைத் தூண்டும் என்பதையும் அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒன்று. இப்போது பலரும் மரச்செக்கு எண்ணெய்க்கு மாறியிருக்கிறோம். தினசரிச் சமையலுக்கு நல்லதுதான். ஆனால் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும், செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமைக்குச் செக்குக் கடலை எண்ணெயும், எள் ஒவ்வாமைக்கு நல்லெண்ணெயும் ஆபத்துதான். விருந்து நாளில் புதிதாகப் பிரித்த சூரியகாந்தி எண்ணெயை, நன்றாகத் தேய்த்துக் கழுவிய வாணலியில் ஊற்றிப் பொரியுங்கள்.

"ஒத்துக்காது" என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். பால் ஒத்துக்காது என்றால் ஒருவருக்குச் சளி பிடிக்கும் என்று பொருள், இன்னொருவருக்கு வயிறு உப்பும் என்று பொருள், மூன்றாமவருக்கு மூச்சுத் திணறும் என்று பொருள். வயிறு உப்புவது பெரும்பாலும் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால். மூச்சுத் திணறுவது பால் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. லாக்டோஸ் நீக்கிய பால் வயிறு உப்புபவருக்கு உதவும், மூச்சுத் திணறுபவருக்கு உதவாது. பசும்பால் ஆகாத பிள்ளைக்கு ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். புரதங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. நெய்யில் கொழுப்புத்தானே என்று விடவும் கூடாது, துளி புரதம் அதிலும் மிஞ்சும்.

கேக் மேல் பூசும் கிரீம் இதைவிடத் தந்திரமானது. டப்பாவில் பால் இல்லாத கிரீம் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதமேதான். வே பவுடரும் அப்படித்தான். அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி. அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. முட்டையில்லாத கேக்கில் பால், மைதா, முந்திரி எல்லாம் இருந்தாலும் பச்சைப் புள்ளி வரும்.

லேபிளில் பார்க்க வேண்டியது வேறு வரி. நம் நாட்டின் 2020 லேபிள் விதிகளின்படி குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, ஓர் அளவுக்கு மேலுள்ள சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆகியவற்றைப் பொருள்பட்டியலுக்கு அருகில் தனியாக அறிவிக்க வேண்டும். "இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கையும் அங்கேதான் வரும். அதை ஒப்புக்கு எழுதியது என்று தள்ளிவிடாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாக்கெட் வேண்டாம். கவனியுங்கள், அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் வந்துவிட்டது. இங்கே எள் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காக வாங்கும்போது முழுப் பொருள்பட்டியலையும் படிக்க வேண்டும். முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி எதிலும் எள் இருக்கலாம்.

கோதுமை ஆகாத பிள்ளைக்கு மைதா, ரவை, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பது சில பெரியவர்களுக்கே தெரிவதில்லை. கடைக் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பது உண்டு. அரிசி மாவு பத்திரம் என்று மில்லுக்குப் போனால், நமக்கு முன்னால் கோதுமை அரைத்திருப்பார்கள். அந்த ஒரு நாளைக்கு வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வது மேல்.

கேசரியில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது, பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. முந்திரி வறுத்த நெய் முழுக் கேசரியிலும் கலந்திருக்கிறது. முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது, இரண்டும் நெருங்கிய உறவு.

பரிமாறும்போதுதான் பாதித் தவறுகள். சிப்ஸைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா வந்து படிக்கக் கேட்பார். ஒரு கரண்டி இரண்டு பாத்திரத்துக்குப் போகக் கூடாது. கை சுத்தம் என்றால் சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை நீக்காது. அப்புறம் நம் வழக்கம் ஒன்று, கேக் வெட்டியதும் ஒவ்வொருவராக எல்லோர் வாயிலும் ஊட்டுவது, முகத்தில் கிரீமைத் தடவுவது. ஒவ்வாமை உள்ள பிள்ளை கூட்டத்தில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். "ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது" என்று அன்போடு ஊட்டும் பாட்டிகளிடமும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த முறுக்குச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் பயத்தில் நான் இன்னொரு தவறு செய்தேன். எல்லோருக்கும் கேக், அவனுக்கு மட்டும் தனித் தட்டில் பிஸ்கட். "பெரியம்மா, கேக் எனக்கு இல்லையா?" என்று கேட்டான். இப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒரே கேக்தான், அவன் சாப்பிடக்கூடிய கேக். முட்டை, பால், கொட்டை எதுவும் இல்லாதது. ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, கால் கப் கோக்கோ, 1 டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. இவற்றைச் சலித்து, 1 கப் தண்ணீர், 5 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் வினிகர், 1 டீஸ்பூன் வெனிலா சேர்த்துக் கலக்கி, உடனே 180 டிகிரி ஓவனில் வையுங்கள். 30 முதல் 35 நிமிடம். சோடாவும் வினிகரும் சேர்ந்து எழுப்பும் குமிழிதான் கேக்கை உப்ப வைக்கிறது, கலக்கிவிட்டுக் காத்திருந்தால் அது போய்விடும். கோக்கோப் பாக்கெட்டின் எச்சரிக்கையையும் பாருங்கள். கோதுமையும் ஆகாது என்றால் வெல்லமும் தேங்காயும் வைத்த கொழுக்கட்டை போதும், தேங்காய் ஆகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பிடிக்கட்டும் என்று மாவைக் கொடுத்தால் அதுவே அரை மணி நேர விளையாட்டு.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்தால் ஒவ்வாமைச் சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தவறு. அது அரிப்பைக் குறைக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. விடாத இருமல், குரல் மாறுதல், இரைப்பு, மயக்கம், தடிப்போடு சேர்ந்த வாந்தி இவற்றைப் பார்த்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அது எந்தப் பையில் இருக்கிறது, யாருக்குப் போடத் தெரியும் என்று பிள்ளை வீட்டுக்குள் வரும்போதே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்கார வையுங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். ஊசி போட்டதும் முகம் தெளிந்துவிட்டது என்று கேக் மேசைக்குத் திரும்ப வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும், அதனால் ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.