புதிய காம்பாக்ட் கிராஸ்ஓவரின் முதல் பார்வை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிமுகமாகிச் சில நாட்களே ஆன ஒரு காம்பாக்ட் கிராஸ்ஓவரை ஷோரூம் விளக்குகளின் கீழே சுற்றிப் பார்த்து, பத்து நிமிடம் ஓட்டி, அதைப் பற்றி உறுதியான கருத்தோடு இறங்கி வருவது பலருக்கும் நேர்வதுதான். அந்தக் கருத்து, ஒரு குறிப்பிட்ட வேரியன்ட்டை, ஒரு குறிப்பிட்ட சாலையில், பெரும்பாலும் பின் இருக்கை காலியாக இருக்கும்போது ஓட்டியதால் கிடைத்தது என்பதை மறந்து, அதை அந்த மாடல் முழுவதற்குமான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போது தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகப் பழையது, உருவத்தை வைத்துத் திறனைக் கணிப்பது. 1994இல் டொயோட்டா ஆர்ஏவி4 வந்த காலத்திலிருந்தே கிராஸ்ஓவர் என்பது, தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தாமல், சாதாரணக் காரைப் போலவே உடலும் சட்டமும் ஒன்றாக அமைந்த வண்டிதான். சக்கர வளைவுகளைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கும், நிமிர்ந்த பானெட்டும், கூரையின் மேலுள்ள தண்டுகளும் காட்டுவழியை நினைவூட்டினாலும், இவ்வகை வண்டிகளில் பல முன்சக்கரங்களுக்கு மட்டுமே ஆற்றலை அனுப்புகின்றன. அது குறையன்று, எடையும் எரிபொருள் செலவும் குறைவதால் நகரத்தில் அது நன்மையே. ஆனால் சேற்றிலும் ஈரப் புல்வெளியிலும் வண்டி தானாக ஏறிவிடும் என்று நம்புவது தவறு. தரை இடைவெளி குறித்தும் இதே எச்சரிக்கை தேவை. சில நிறுவனங்கள் அந்த அளவைக் காலி வண்டியிலும், சில சுமை ஏற்றிய வண்டியிலும் எடுக்கின்றன. எனவே 200 மி.மீ. என்று ஒன்றும் 180 மி.மீ. என்று மற்றொன்றும் அறிவித்திருந்தால், அளந்த முறை தெரியாமல் முன்னது உயரமானது என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்து, பார்த்த வண்டிக்கும் வாங்கப்போகும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு. என் கணிப்பில் ஏமாற்றம் மிகுதியாகக் காத்திருக்கும் இடம் இதுவே. அறிமுகத்தின்போது காட்சிக்கும் டெஸ்ட் டிரைவுக்கும் வைக்கப்படுவது பெரும்பாலும் எல்லா வசதிகளும் கொண்ட உச்ச வேரியன்ட். அதில் உள்ள தோல் இருக்கையும் பெரிய திரையும் நடுத்தர வேரியன்ட்டில் இல்லாமல் போவதை எல்லோரும் கவனிப்பார்கள். டயர் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. டயரில் எழுதியுள்ள முதல் எண் அதன் அகலம் (மி.மீ.), இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் உள்ளே உள்ள உலோகச் சக்கரத்தின் விட்டம் (அங்குலம்). அதன்படி 215/60 ஆர்17 டயரின் பக்கச்சுவர் உயரம் 129 மி.மீ.; அதே வண்டியின் உச்ச வேரியன்ட்டில் 215/55 ஆர்18 இருந்தால் அது ஏறக்குறைய 118 மி.மீ. ஆகிறது. சக்கரத்தின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாவிட்டாலும், குழியின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பர் 11 மி.மீ. குறைந்துவிடுகிறது. ஆகவே உச்ச வேரியன்ட்டை ஓட்டிவிட்டு சஸ்பென்ஷன் கடினம் என்று ஒதுக்கியவர், கீழ் வேரியன்ட்டை ஓட்டியிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும். கூரை முழுவதும் கண்ணாடியாக உள்ள வேரியன்ட்டில் தலைக்கு மேலுள்ள இடம் குறைவதும் இத்தகையதே.

டயர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதிய வண்டிகள் தொலைவிலிருந்து ஏற்றி அனுப்பப்படும்போது டயர்களில் வழக்கத்தைவிடக் கூடுதலான காற்று நிரப்பப்படுவதுண்டு. டெஸ்ட் டிரைவுக்கு முன் அதைக் குறைக்க மறந்துவிட்டால், சிறு மேடுகூடத் தூக்கிப்போடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உரிய அழுத்தம் எழுதப்பட்டிருக்கும். அதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும் என்றாலும், செய்பவர்கள் மிகக் குறைவு.

விற்பனையாளர் காட்டும் வழியில் மட்டும் ஓட்டுவதும் தவறே. அகலமான, வழவழப்பான சாலையில் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் துடிப்பாகத் தோன்றும். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு, ஏற்றத்தில் மெதுவாகச் சென்று மீண்டும் வேகமெடுக்கும்போதுதான், டர்போ விழித்துக்கொள்ளும் வரையிலான தயக்கம் தெரியும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸை ஊர்ந்து செல்லும் நெரிசலிலும், படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி கியர்பாக்ஸைத் திடீரென முந்த வேண்டிய நேரத்திலும் சோதிக்காமல் அவற்றின் குணத்தை அறிய முடியாது. குறைந்தது ஒரு முறையாவது பின் இருக்கையை நிரப்பி ஓட்டுவது நல்லது. இருக்கையைப் பொறுத்தவரை, ஏறியவுடன் மெத்தென்று இருப்பது முக்கால் மணி நேரத்துக்குப் பின் இடுப்பைத் தாங்காமல் போகலாம் என்பதால், அவசரப்பட்டுப் புகழாமல் இருப்பதே மேல்.

கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஒலியைக் கேட்டு வண்டி உறுதியானது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒலி கதவின் ரப்பர் விளிம்பு, பூட்டின் அமைப்பு, உள்ளே ஒட்டிய அதிர்வு அடக்கும் தகடு ஆகியவற்றால் வேண்டுமென்றே உருவாக்கப்படுவது. மோதலில் உடல் எப்படி மடங்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு நல்ல பண்பு மற்ற பண்புகளின் மதிப்பையும் உயர்த்திவிடுவதை, அதிகாரிகள் தம் படைவீரர்களுக்கு அளித்த மதிப்பெண்களைக் கொண்டு உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக் 1920இலேயே எழுதிக் காட்டினார். இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள். காருக்கும் அது பொருந்துகிறது.

திரை அந்த ஒளிவட்டத்தின் இன்றைய வடிவம். நிறுத்திய வண்டியில் அதைத் தொட்டுப் பார்ப்பது ஒன்று, ஓடும் வண்டியில் கண்ணை எடுத்து அதில் குளிர்சாதனத்தின் அளவைத் தேடுவது வேறு. ஸ்வீடன் நாட்டு வாகன இதழ் ஒன்று 2022இல் நடத்திய சோதனையில், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் சில எளிய வேலைகளைச் செய்ய, பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டின் வால்வோவில் 10 விநாடிகளும், தொடுதிரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் வண்டியில் 44.6 விநாடிகளும் ஆயின. முன்னதில் வண்டி கடந்த தொலைவு ஏறக்குறைய 306 மீட்டர். பின்னதில் 1,300 மீட்டருக்கும் மேல். ஆகவே திரையின் அங்குலத்தைக் குறித்துக்கொள்வதைவிட, எந்தெந்த வேலைக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது என்று எண்ணுவதே பயனுள்ளது.

எண்களைப் படிப்பதில் வரும் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். டிக்கியின் லிட்டர் கணக்கு, பெரும்பாலும் 200, 100, 50 மி.மீ. அளவுள்ள சிறு கட்டைகளை அடுக்கிப் பெறப்படுவது. அதே லிட்டர் கொண்ட இரு டிக்கிகளுள் ஒன்றில் பெட்டி நுழையும், மற்றொன்றில் வாயின் உயரமும் ஒடுக்கமும் தடுத்துவிடும். எரிபொருள் சிக்கன எண் ஆய்வகத்தில் பெறப்பட்டது என்பதால், அதை ஒப்பிடப் பயன்படுத்தலாம். எதிர்பார்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஏர்பேகின் எண்ணிக்கை பாதுகாப்பு மதிப்பீடு ஆகாது. நட்சத்திரங்கள் இருந்தால் ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பின் சோதனையில் 2005இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஃபியட் புன்டோ, விதிகள் கடுமையான பின் 2017இல் ஒன்றுகூடப் பெறவில்லை.

கடைசியாக, முதல் பார்வை பெரும்பாலும் பகல் பார்வை. முகப்பு விளக்கு சாலையின் ஓரம் வரை ஒளி பரப்புகிறதா, திரையின் வெளிச்சம் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா, தடித்த முன்தூண் வளைவில் நடந்து செல்பவரை மறைக்கிறதா என்பவை இருட்டிலும் மழையிலும்தான் முழுமையாகத் தெரியும். மாலை மங்கிய பிறகு இரண்டாவது ஓட்டம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. அப்போது டிக்கியின் தளத்தையும் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, காற்றடிக்கும் கருவியும் பசைப் புட்டியும் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.