தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணத்துக்கு எந்த சூட்?

அழைப்பிதழின் அடியில் பிளாக் டை, ஃபார்மல், காக்டெய்ல், ஸ்மார்ட் கேஷுவல் என்று உடைக் குறிப்பு ஏதாவது போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த கையோடு நேரத்தையும் இடத்தையும் பாருங்கள். காலையில் முகூர்த்தம், மாலையில் ரிசெப்ஷன் என்றால் அந்தக் குறிப்பு பெரும்பாலும் மாலைக்குத்தான். காலைக்கு வேட்டி சட்டையே அழகு.

பிளாக் டை என்றால் கறுப்பு சூட்டோடு நீள டை கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. காலர் மடிப்பில் பட்டுத்துணி வைத்த டின்னர் ஜாக்கெட், பக்கவாட்டில் பட்டை ஓடும் பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை, பளபளக்கும் கறுப்பு ஷூ எல்லாம் சேர்ந்ததுதான் அது. அரிதாகத் தேவைப்படுவதை வாடகைக்கு எடுத்தால் போதும். ஃபார்மலுக்கு அடர் நிற சூட், டை. காக்டெய்லுக்கும் சூட்தான், நிறத்தில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஸ்மார்ட் கேஷுவலுக்கு பிளேசரும் வேறு நிற பேன்ட்டும், ஜீன்ஸ் வேண்டாம். குழப்பம் இருந்தால் கல்யாண வீட்டாரையே கேட்டுவிடுங்கள், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு சூட்தான் வாங்க முடியும் என்றால் கருநீலம் வாங்குங்கள். முகூர்த்தத்தில் முழுக்கறுப்பைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. வெளிர் நிற லினனில் அட்சதையின் மஞ்சள் பட்டால் எளிதில் போகாது.

துணியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பனில் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தே இருக்கும். பாலியஸ்டர் கோட் வியர்வையை வெளியே விடாது. ஹோமத்தின் தீப்பொறி பட்டால் உருகி ஓட்டையாகும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 230 முதல் 260 கிராம் எடையுள்ள கம்பளி நூல் துணியாகப் பாருங்கள். முதுகில் பாதி மட்டும் லைனிங் இருந்தால் காற்று போகும். ஜூன், ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் போவதானால் 300 கிராமுக்கு மேல் எடுங்கள்; அங்கே ராத்திரிக் குளிர் கடுமை.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். சுவரில் பக்கவாட்டாகச் சாய்ந்து நில்லுங்கள்: கை சுவரில் படுவதற்கு முன்பே தோள் பஞ்சு முட்டினால் கோட் பெரிது. தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைக்கும் வேலை, செலவும் அதிகம். அதனால் தோள் சரியில்லாததை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அடுத்து, பொத்தானைப் போட்டுப் பாருங்கள். அங்கே பெருக்கல் குறி போலச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் இடைவெளி தெரியக்கூடாது. சட்டைக் கை கோட்டுக்கு வெளியே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தெரியட்டும்.

இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, பேன்ட் நீளம் எல்லாம் தையல்காரரால் முடியும். ஆனால் கைப் பொத்தான்களுக்கு உண்மையான துளை வெட்டியிருந்தால் கையைக் குறைப்பது சிக்கல். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள். போட்டுப் பார்த்து இன்னொரு முறை திருத்த நேரம் வேண்டும். அளவு கொடுக்கும்போது அன்றைக்குப் போடப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பேன்ட் நீளம் தப்பும்.

போடுவதற்கு முன் கோட்டின் பின் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் தற்காலிகத் தையலையும், கையில் ஒட்டிய லேபிளையும் பிரித்தெடுங்கள். அவை கடைக்காக வைத்தவை. கீழ்ப் பொத்தானைப் போட வேண்டாம். உட்காரும்போது மேல் பொத்தானையும் கழற்றிவிட்டால் துணி இழுபடாது. மணவறையில் ஆசீர்வாதம் செய்யப் போகும்போது செருப்பு, ஷூ கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், கயிறு இல்லாத லோஃபரும் கிழியாத சாக்ஸும் நல்லது.

வீடு திரும்பியதும் வியர்வை ஈரத்தோடு கவரில் போட்டு அலமாரியில் வைத்தால் டர்பன் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அகன்ற ஹேங்கரில் ஒரு நாள் காற்றாட விட்டு, தூசியைப் பிரஷால் தட்டி, துணிக் கவரில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.