மலைநாட்டுக் குளிருக்கு இரட்டைத் திரைச்சீலை: வீட்டிலேயே தைக்கலாம்

நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கத்து வீடுகளில் திரைச்சீலை அழகுக்காக மட்டும் தொங்குவதில்லை. ராத்திரியில் யன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் குளிரையும் அதுதான் மறிக்க வேண்டும். ஒற்றை பொலியெஸ்டர் துணி அதற்குப் போதாது. முன்னால் கொஞ்சம் கனமான பருத்தித் துணி, பின்னால் வெள்ளை லைனிங் என்று இரண்டடுக்காகத் தையுங்கள். நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும். மெஷின் இல்லாவிட்டால் கைத்தையலே தாராளம், நேரம்தான் கூடப் பிடிக்கும்.

அளவும் துணியும்

கம்பியைப் பூட்டிய பிறகே அளவெடுங்கள். யன்னலுக்கு மேலே 4 அங்குலம் தள்ளி, இரண்டு பக்கமும் 5 அங்குலம் நீட்டிப் பூட்டினால் ஓரத்தால் காற்று நுழைவது குறையும்.

3 அடி அகலம், 4 அடி உயரமுள்ள யன்னல் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 46 அங்குலம் வரும். துணி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால்தான் கொசுவம் நன்றாக விழும். 45 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு சரியாக வரும். நீளம், கம்பியிலிருந்து யன்னலுக்குக் கீழே 8 அங்குலம் வரை 60. மேல் மடிப்புக்கு 3, கீழ் மடிப்புக்கு 6, துவைத்தால் சுருங்குவதற்கு 4. ஆக ஒரு துண்டு 73 அங்குலம். இரண்டுக்கும் 3.75 மீட்டர் வாங்குங்கள், லைனிங்கும் அதே அளவு.

தரை வரை தொங்கவிட ஆசை வரும். வேண்டாம். மழைக்காலத்தில் சீமெந்துத் தரையின் ஈரம் ஏறி, கீழ் ஓரத்தில் கருப்புக் கருப்பாகப் பூசணம் பிடித்துவிடும்.

துவைத்துவிட்டு வெட்டுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இரண்டு துணியையும் துவைத்து, காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் கத்தரிக்கோல். முதலில் தைத்துவிட்டுப் பிறகு துவைத்தால் முன்துணி ஒரு அளவு, லைனிங் ஒரு அளவு சுருங்கி, சீலை கோணிக்கொண்டு நிற்கும். அட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை விடாது, வெயில் அடிக்கும் நாள் பார்த்துத் துவையுங்கள். அவசரத்துக்கு விறகடுப்புப் பக்கத்தில் போட்டால் புகைவாசம் ஏறிவிடும்.

நேராக வெட்ட ஒரு வழி: துணியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, குறுக்கே ஓடும் நூல் ஒன்றை நுனியில் பிடித்து மெல்ல இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், நூல் உருவிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே வெட்டினால் ஸ்கேலே தேவையில்லை.

தையல்

மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும். முன்துணியின் பக்க ஓரங்களை 1 அங்குலம் வீதம் இரண்டு முறை உள்ளே மடித்து, அயன் வைத்து அழுத்திவிட்டுத் தையுங்கள். லைனிங்கின் இரண்டு பக்கத்தையும் அப்படியே மடித்துத் தையுங்கள். ஆனால் முன்துணியைவிட இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்கட்டும்.

அப்புறம் மேல்பக்கம். முன்துணியை முதலில் அரை அங்குலம், பிறகு இரண்டரை அங்குலம் பின்னால் மடியுங்கள். கம்பி நுழையும் இடம் இதுதான். இந்த மடிப்புக்கு உள்ளே லைனிங்கின் மேல் ஓரத்தைச் செருகி, குண்டூசி குத்தி, மடிப்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரே தையலாக ஓட்டுங்கள். லைனிங்கை வேறெங்கும் சேர்த்துத் தைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகத் தொங்கினால் இடையில் காற்று நின்று குளிரைத் தாங்கும், துவைத்தாலும் சீக்கிரம் காயும்.

கீழ் மடிப்பை உடனே தைக்க வேண்டாம். இரண்டு ராத்திரி கம்பியில் தொங்கட்டும், துணி தன் கனத்தில் கொஞ்சம் இறங்கும். பிறகு தொங்கும் நிலையிலேயே குண்டூசியால் அடையாளம் வைத்து, 3 அங்குலம் வீதம் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். லைனிங்கை 1 அங்குலம் குட்டையாக விடுங்கள்.

காற்று பலமாக அடிக்கும் மேட்டு வீடென்றால், முன்துணியின் கீழ் மூலைகளில் மடிப்புக்குள் ஒவ்வொரு சில்லறைக் காசு வைத்துக் கையால் தைத்துவிடலாம். காந்தத்தில் ஒட்டும் காசு வேண்டாம், ஈரத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை விழுந்துவிடும்.