துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: கார்புரேட்டரைத் தொடும் முன்

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசடர் வண்டிகள் வெளியே வரும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மக்கர் செய்கின்றன. ஸ்டார்ட் ஆகும், ஐடிலிலும் நிற்கும். நாலைந்து கிலோமீட்டர் போனதும் மேட்டிலோ வேகம் எடுக்கும்போதோ இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் மறுபடி ஓடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பழையபடி படுத்துக்கொள்ளும்.

கோளாறு டேங்கில் இருக்கிறது. பம்ப் இழுக்க இழுக்க, துருவும் மண்டியும் டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் போய் அப்பிக்கொள்கின்றன. இன்ஜின் நின்றதும் அவை உதிர்ந்து அடியில் விழுவதால்தான் பத்து நிமிடத்தில் வண்டி சரியானது போலத் தெரிகிறது. டேங்கை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் கூலிதான் வீண்.

ஆனால் இதே அறிகுறி வேறொன்றாலும் வரும். வண்டி நின்ற உடனே பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி ஓடினால், மூடியின் காற்றுத்துளையோ வென்ட் ஹோஸோ அடைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. டேங்கை இறக்க வேண்டியதில்லை.

மூடியில் குறை இல்லையென்றால், டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டர் பெட்ரோலை ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். செம்பழுப்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் துரு. பெயிண்ட் கடையில் அடிப்பது போன்ற புளித்த நெடியும் தேநீர் நிறமும் இருந்தால் பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் விஷயம் இப்போது முன்பைவிடச் சிக்கல். எத்தனால் கலக்காத பெட்ரோலில் தண்ணீர் அடியில் முத்தாக நிற்கும், வடித்துவிட்டால் தீர்ந்தது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சுமார் அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும். அதாவது 20 லிட்டருக்கு 100 மில்லி. 20 சதவீதம் கலந்த இ20 இன்னும் கொஞ்சம் தாங்கும். அளவு மீறினால், அல்லது குளிரில் தாங்கும் சக்தி குறைந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்த அடுக்கு இரும்பை வேகமாக அரிக்கும். எத்தனாலை இழந்த மேல் பெட்ரோலில் ஆக்டேன் குறைந்து இன்ஜின் தட்டும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.

டேங்கை இறக்குவது

வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சர்வீஸ் பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து என்பது இதனால்தான். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். குண்டு பல்பு, கிரைண்டர், சிகரெட், சட்டைப்பையில் செல்போன் எதுவும் அருகில் வேண்டாம். உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு கொடுங்கள்.

பெட்ரோலைக் கைப்பம்ப்பால் உலோக கேனுக்கு மாற்றுங்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவது நுரையீரலையே பாதிக்கும். பிளாஸ்டிக் வாளியில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டலாம் என்பதால் அதுவும் வேண்டாம். டேங்க் போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சூடு காட்டிக் கழற்றும் வேலை இங்கே கிடையாது. ஃபில்லர் ஹோஸ், வென்ட், ரிட்டர்ன், கேஜ் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டின் வளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டித் திருப்புங்கள். இரும்பு உளி பொறி கிளப்பும்.

கழுவுவது

இறக்கிய டேங்கில் சோப்புத்தூள் கலந்த வெந்நீரை விளிம்புவரை நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். பெட்ரோல் வாசனை அடங்கும்வரை மூன்று நான்கு முறையாவது செய்ய வேண்டும். பிசின் கரையாமல் நின்றால் இரண்டு லிட்டர் அசிட்டோன் ஊற்றி, அவ்வப்போது புரட்டி ஒரு நாள் வையுங்கள். அசிட்டோனும் தீப்பிடிக்கும் பொருள்தான். அதைக் கொட்டிய பிறகு மறுபடி கழுவுங்கள்.

உதிரும் துருவுக்குச் சிலர் ஜல்லி போட்டுக் குலுக்குவார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும். ஜல்லி அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வராது. ஒரு மீட்டர் மெல்லிய இரும்புச் சங்கிலியைச் சோப்புத் தண்ணீரோடு போட்டு, நுனியில் ஒரு கம்பியைக் கட்டி வெளியே விட்டுக் குலுக்குங்கள். முழுதாக இழுத்து எடுத்துவிடலாம்.

ஒட்டிய துருவுக்கு சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம். 28 லிட்டர் டேங்குக்கு ஒன்றரைக் கிலோ போதும். வெந்நீரில் கரைத்து விளிம்புவரை நிரப்புங்கள், ஏனென்றால் பெரும்பாலும் மேல் தகடுதான் அதிகம் துருப்பிடித்திருக்கும். கேஜ் யூனிட்டையும் சல்லடையையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்திருக்க வேண்டும். வாயை மட்டும் இறுக மூடாதீர்கள். அமிலம் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் வரும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பல பழைய டேங்குகளின் உட்புறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அமிலம் அதையும் தின்னும். துருவே இல்லாத, வெறும் தண்ணீர் புகுந்த டேங்குக்கு அமிலம் தேவையே இல்லை. கழுவிய நீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ விடாமல், பழைய பெட்ரோலோடு சேர்த்துக் கழிவு எண்ணெய் எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

இதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான் பலர் தோற்கிறார்கள். அமிலத்தைக் கொட்டியதும் பளபளவென்று தெரியும் இரும்பு, ஈரத்தோடு விட்டால் கண்முன்னே மஞ்சளாகிவிடும். ஆகவே தேவையானதையெல்லாம் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, சூடான காற்றை ஊதி உலர்த்துங்கள். பிறகு 100 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) அரை லிட்டர் பெட்ரோலில் கலந்து எல்லாப் பக்கமும் படும்படி புரட்டுங்கள். இந்தக் கலவை போன பிறகு சூடான காற்று கூடவே கூடாது.

ஊசித்துளை இருந்தால், 2டி கலவை விடாமல், எத்தனால் தாங்கும் எபாக்சி பூச்சு போடலாம். சிறிது எண்ணெயோ துருவோ மிச்சமிருந்தால் அது ஏடு ஏடாக உரிந்து மறுபடி சல்லடையை அடைக்கும். ஜாயிண்டிலேயே தகடு மெலிந்திருந்தால் வேறு டேங்க் வாங்குவதே சரி. வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு வெல்டிங் வைக்க ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

மாட்டுமுன்

பைப்பின் இரு முனைகளையும் கழற்றி, இன்ஜின் பக்கமிருந்து டேங்க் பக்கமாகக் காற்று அடியுங்கள். பம்ப் மாட்டியிருக்கும்போது அடித்தால் டயஃப்ரம் கிழியும். ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலில் ஊறி உப்பி, உட்புறம் உதிரும். அந்தத் துணுக்கும் டேங்க் அழுக்கு போலவே அடைக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழுவ இப்போதுதான் நேரம். ஃப்ளோட் அறையின் மண்டியை எடுத்து, பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான ஜெட்டுகளை கிளீனர் தெளித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால், அதன் சல்லடையைப் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் இல்லாமல் பம்ப்பை ஓடவிட்டால் எரிந்துபோகும்.

கேஜ் யூனிட்டுக்குப் புது கேஸ்கெட், பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று. முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, ஒழுகல் பார்த்து, வண்டியை ஓட்டுங்கள். ஃபில்டரை 50, 200, 1000 கிலோமீட்டர்களில் பாருங்கள். 50-இல் கொஞ்சம் பழுப்புத் தூள் வருவது இயல்பு, மாற்றிவிடுங்கள். 200-லும் அதே அளவு வந்தால் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் துரு மிச்சமிருக்கிறது. டேங்கை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.